முனீஸ்வரர் தலைக்கு மேலே

வீடு ஒழுகினால் பக்கத்து வீட்டில் போய் ஒதுங்கலாம். அங்கம்மாவின் வீடு சக்கரத்தில் ஓடுகிற லாரி. இன்றைக்கு மூவார், அடுத்த வாரம் குளுவாங், அதற்கடுத்து மெர்சிங் என்று அது எங்கே போய் நின்றாலும் ஒழுகலும் கூடவே வந்தது. பக்கத்து வீடு ஒன்றுதான் வரவில்லை.

அவள் ஒன்றும் லாரியில் பிறந்தவள் இல்லை. அப்பன் ஆத்தாளோடு சின்னப் பிள்ளையாக மலாய் நாட்டுக்குக் கப்பலேறி வந்து, குளுவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவி வளர்ந்தவள். அந்தத் தோட்டத்து லாரியை ஓட்டியவன் காளியப்பன். மற்ற ஆம்பளைகள் ஒட்டுப்பால் நாற்றத்தோடும் சகதிக் காலோடும் நடந்து போகும்போது, அவன் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு ஹாரன் அடித்தபடி போவான். அங்கம்மா அந்த ஹாரனில்தான் விழுந்தாள். பின்னாளில் அதை நினைத்தால் அவளுக்குச் சிரிப்பு வரும். சிரிப்பில் பாதி எரிச்சல்.

ரப்பர் விலை படுத்துவிட்ட வருஷம் தோட்டத்தில் பாதிப் பேரைச் சீட்டுக் கிழித்து ஊருக்கு அனுப்பினார்கள். அங்கம்மாவின் அப்பனும் ஆத்தாளும் அந்தக் கூட்டத்தோடு கப்பலேறினார்கள். காளியப்பன் மட்டும் போகமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றான்.

"அங்க போயி என்னத்தப் பண்ண? எனக்கு ஸ்டீரிங் பிடிக்கத்தான் தெரியும். எங்கப்பன் ஊர்ல லாரியும் இல்ல, லாரி ஓடுற ரோடும் இல்ல."

தோட்டம் கழித்துப்போட்ட பழைய லாரியை அவனே வாங்கிக்கொண்டான். அங்கம்மாவின் கழுத்திலும் காதிலும் கிடந்ததெல்லாம் பத்து பாகாட் டவுனில் ஒரு அடகுக் கடைக்குள் போயின, திரும்பி வரவில்லை. அதே ஊரில் ஒரு சீனத் தச்சன் லாரியின் முதுகில் பலகையால் ஓர் அறை கட்டிக் கொடுத்தான். மேலே டிரைவர் சீட்டையும் சேர்த்து மூடுகிற மாதிரி ஒரே பலகைக் கூரை. கூரைமேல் கித்தானை இழுத்துப் போர்த்தி, ஓரத்தில் ஆணியடித்து, வெள்ளைச் சாயம் பூசினான். உள்ளே முன்பாதியில் இரண்டு பக்கமும் அலமாரி, நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து. அலமாரியில் சேலை, கைலி, காக்கித் துணி, ரிப்பன், வளையல். பின்பாதியில் ஒரு திரை, திரைக்கு அந்தப் பக்கம் ஒரு பலகைக் கட்டில், ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. சம்பள நாள் பார்த்துத் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயங்களுக்கு முன்னால் போய் நிறுத்துவார்கள். பக்கப் பலகையைத் தூக்கிக் கட்டினால் ஜவுளிக்கடை, இறக்கினால் குடித்தனம்.

"கொஞ்ச நாளைக்குத்தான் புள்ள. அப்புறம் பத்து பாகாட்டுல கீழ கடை, மேல வீடு" என்றான் காளியப்பன். அந்தக் கொஞ்ச நாள் ரப்பர் மாதிரியே இழுத்துக்கொண்டு போனது.

முதல் மழைக்காலத்தைக் கூரை தாங்கியது. அடுத்ததில் கட்டிலுக்கு மேலே பலகையில் கருப்பாக ஒரு திட்டுத் தெரிந்தது. திட்டு சொட்டாயிற்று, சொட்டு ஒழுகலாயிற்று. வேடிக்கை என்னவென்றால், அலமாரிப் பக்கம் ஒரு துளி விழாது. விழுந்ததெல்லாம் படுக்கை மேலேதான்.

"பாத்தியா, சாமி நம்ம சரக்கைக் காப்பாத்துது" என்பான்.

"நம்மளக் காப்பாத்தாதா?"

"நாம நனைஞ்சா காஞ்சுக்குவோம். துணி நனைஞ்சா எவ வாங்குவா?"

அங்கம்மா பாத்திரத்தை எடுத்து ஒழுகலுக்கு நேராக வைப்பாள்.

மழை கொஞ்சம் விட்டால் போதும், காளியப்பன் தார் டின்னோடு மேலே ஏறிவிடுவான். உள்ளே எங்கே சொட்டுகிறதோ அதற்கு நேர் மேலே பூசுவதுதான் அவன் வைத்தியம். அவள் உள்ளேயிருந்து விளக்குமாற்றுக் கட்டையால் கூரைப் பலகையைத் தட்டி இடம் காட்ட வேண்டும். "இங்கயா?" என்று மேலிருந்து சத்தம் வரும். "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்" என்று இவள் கத்துவாள். எந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று மேலே இருப்பவனுக்கு எப்படித் தெரியும்? சண்டையில் முடியும். தாரும் காயும். அடுத்த மழைக்கு ஒழுகல் ஒரு சாண் தள்ளிப் போய் உட்கார்ந்திருக்கும். மறுபடியும் தார், மறுபடியும் சண்டை. இப்படிப் பூசிப் பூசிக் கூரையின் பின்பாதி யானைத் தோலாகிவிட்டது.

முன்பக்கம் மட்டும் அவன் கை வைக்கமாட்டான். டிரைவர் சீட்டுக்கு முன்னால், கண்ணாடிக்கு மேலே முகப்பில், முனீஸ்வரர் படத்தைத் தகரச் சட்டம் போட்டுப் பதித்திருந்தான். அதற்கு மேலே இருக்கிற கூரை சாமியின் தலைமாடு. அங்கே கால் படக்கூடாது, முட்டி படக்கூடாது, தார் பிடித்த கை படக்கூடாது. பூசிக்கொண்டே போகிறவன் ஒரு கை நீளத்துக்கு முன்னாலேயே நின்று, அப்படியே கும்பிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு இறங்குவான். இறங்கி வரும்போது கன்னத்திலெல்லாம் தார். அங்கம்மா மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துவிடுவாள்.

சந்திரமதி பிறந்து வளர்ந்தது அந்தக் கட்டிலில்தான். மதி, மதி என்று கூப்பிடுவார்கள். அலமாரியைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகி, தொங்குகிற ரிப்பனையெல்லாம் இழுத்துப் போட்டுவிட்டு, துணி வாங்க வந்தவர்களைப் பார்த்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே வந்து நின்ற பெண்கள் உண்டு. அப்புறம் மழைக்காலம் வந்தது. காளியப்பன் எழுந்து எழுந்து பாத்திரம் வைத்தான், சாக்கை விரித்தான். குழந்தையை நடுவில் போட்டு இரண்டு பேரும் இரண்டு ஓரத்தில் நனைந்தார்கள். அப்படியும் ஈரம் மெத்தைக்குள் ஊறி நடுவுக்குப் போய்விட்டது. குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டியது. மூச்சு விட்டால் உள்ளே கரகரவென்று ஒரு சத்தம். தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரசர் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ஈரத்துல போட்டிருக்கீங்களேம்மா" என்று மட்டும் சொன்னார்.

காஹாங் பக்கம் ஒரு தோட்டத்து இடுகாட்டில் மதியைப் புதைத்தார்கள். காளியப்பன் மண்ணைத் தள்ளிவிட்டு லாரிக்குள் போய் உட்கார்ந்துகொண்டான். அங்கம்மா மரத்தடியில் உட்கார்ந்தாள். அவன் தனியாக அழுதான், அவள் தனியாக அழுதாள். அடுத்த தோட்டத்தில் சம்பள நாள் என்று லாரி கிளம்பியது.

அவள் புருஷனைத் திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது ஆறியிருக்கும். கோபம் வரவேண்டிய இடத்தில் அவளுக்கு அலுப்புத்தான் வந்தது. காலையில் எழுந்தால் அலுப்பு, சேலையை விரித்துக் காட்டினால் அலுப்பு, மறுபடியும் மடித்தால் அலுப்பு. இரண்டு பேரும் மதியின் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டார்கள்.

இரண்டு வருஷம் கழித்து, மார்கழி மழையில் மெர்சிங் போகிற ரோட்டில் மாட்டிக்கொண்டார்கள். கிழக்குக் கரை மழை மேற்குக் கரை மழை மாதிரி வந்தோம் பெய்தோம் என்று போகாது. குடியேறிவிடும். முன்னால் ஒரு பாலம் தண்ணீருக்குள் போய்விட்டது. திரும்பிப் போகலாமென்றால் பின்னாலும் ரோடு முங்கிவிட்டது. நடுவில் கொஞ்சம் மேடான இடத்தில் லாரியை நிறுத்தினான் காளியப்பன். நிறுத்தும்போதே இருமிக்கொண்டிருந்தான்.

மறுநாள் காய்ச்சல் அனலாக அடித்தது. அதற்கு மறுநாள் எழுந்து உட்காரவே முடியவில்லை. அங்கம்மா அவன் நெஞ்சில் காதை வைத்தாள். கரகரவென்று அதே சத்தம். மேலேயிருந்து ஒரு சொட்டு அவள் பிடரியில் விழுந்தது.

அலமாரிச் சந்தில் இறக்கிப் படுக்க வைத்துப் பார்த்தாள். காலை நீட்ட முடியாமல், மூச்சும் முட்டித் திணறினான். கட்டிலிலிருந்து வழிந்த தண்ணீர் தரையோடு அங்கேயும் வந்தது. டிரைவர் சீட்டில் உட்கார வைத்தால் தலை நிற்கவில்லை. ரோட்டுக்குக் கீழே மலாய்க்காரர்கள் குடியிருக்கிற கம்பம், ஒரு சின்னக் கிராமம், இருந்தது. கால் வைத்துக் கட்டிய வீடுகள், உள்ளே காய்ந்துதான் இருக்கும். ஆனால் போகிற பாதையில் தொடை அளவு தண்ணீர். இரண்டு ஆம்பளை இருந்தால் தூக்கிக்கொண்டு போகலாம். இருந்த ஆம்பளைகளெல்லாம் படகை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு அந்தக் கரை ஆட்களை ஏற்றப் போய்விட்டார்கள். படகு திரும்பி வந்தால் இவனையும் மெர்சிங் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

ஆக, அவள் கையில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். படுக்கை காயவேண்டும். காயவேண்டுமென்றால் கூரை அடைபடவேண்டும். தார் டின்னைத் திறந்து பார்த்தாள். அடியில் கட்டியாகக் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் பொறுத்துக்குங்க, இந்தா வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள்.

முதல் வீட்டில் இருந்தவள் மக் லீஜா, அவள் வயதே இருக்கும். இரண்டு கோழிகளையும் ஒரு ஆட்டையும் வீட்டுக்குள்ளேயே ஏற்றி வைத்துக்கொண்டு வாசல்படியில் நின்றாள். அங்கம்மாவுக்குச் சந்தை மலாய்தான் தெரியும். புருஷனுக்குச் சீக்கு, கூரை ஒழுகுகிறது என்று சொல்ல, "லாக்கி சாக்கிட், ஆத்தாப் போச்சோர்" என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

மக் லீஜா உள்ளே போய் ஒரு கொட்டாங்கச்சி நிறைய மஞ்சள் நிறப் பிசின் கட்டிகளும் ஒரு போத்தல் மர எண்ணெயும் கொண்டுவந்தாள். படகின் பலகைச் சந்தை அடைக்க அவர்கள் வீட்டில் எப்போதும் வைத்திருப்பது. அங்கம்மா முகர்ந்து பார்த்தாள்.

"ஐயே, இது சாமிக்குப் போடுற குங்கிலியமில்ல!"

மக் லீஜாவுக்கு அது புரியவில்லை. எண்ணெயில் போட்டு உருக்கு, சூடாக ஊற்று என்று கையால் காட்டினாள். போகிறவளைத் திரும்பக் கூப்பிட்டு, "கெரிங் டூலு, கெரிங் டூலு" என்று தன் பாவாடைத் துணியைப் பிழிந்து உதறிக் காட்டினாள். முதலில் காயவேண்டும், ஈரத்தில் ஊற்றினால் பிடிக்காது. இந்த மழையில் எதைக் காயவைப்பது என்று யோசித்துக்கொண்டே அங்கம்மா திரும்பினாள்.

மத்தியானத்துக்கு மேல் வானம் கொஞ்சம் வெளுத்தது. சேலையை வரிந்து செருகிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் முறையாக அவள் லாரிக் கூரைமேல் ஏறினாள். கூரை வழுக்கியது. உள்ளே அவன் இருமுவது காலடியில் கேட்டது.

கட்டிலுக்கு நேர் மேலே தாரில் ஏதாவது வெடிப்பு இருக்கிறதா என்று கையால் தடவித் தடவிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. ஒரு ஊசி போகிற இடமில்லை. ஆனால் கித்தான் அப்பளம் மாதிரி அங்கங்கே உப்பியிருந்தது. ஒரு உப்பலை அழுத்தினாள். மெத்தென்று இறங்கிப் பக்கத்தில் இன்னொன்று எழும்பியது. உள்ளே தண்ணீர்! கித்தானுக்கும் பலகைக்கும் நடுவில் தண்ணீர் நிற்கிறது. வெளியே போக வழியில்லாமல் தார் பூசி அடைத்து வைத்திருக்கிறோம், அது கீழேதானே இறங்கும்?

உள்ளே வந்த வழி எது? இரண்டு உள்ளங்கையாலும் உப்பலைத் தள்ளிக்கொண்டு, தவழ்ந்து முன்னால் போனாள். தண்ணீர் கித்தானுக்கு அடியில் அவள் கைக்கு முன்னால் ஓடியது. அலமாரிக்கு மேலே, அதையும் தாண்டி, முனீஸ்வரர் தலைமாட்டுக்கு ஒரு கை நீளம் வரைக்கும் வந்து நின்றுவிட்டாள். அவன் சொல்லிச் சொல்லி ஊறிய பழக்கம். அங்கிருந்தே ஒரு தள்ளுத் தள்ளினாள்.

சாமியின் தலைமாட்டில், கூரை விளிம்பு நெடுக, சின்னச் சின்னக் குமிழி கொப்புளித்தது. ஒன்றில்லை, இரண்டில்லை. சல்லடை மாதிரி.

ஆணி ஓட்டைகள்.

ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை காளியப்பன் லாரியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு இரண்டு பக்கமும் தோரணமும் வாழைக் கன்றும் கட்டுவான். கட்டுவதற்குக் கூரை விளிம்பில் ஆணி அடிக்கவேண்டும். போன வருஷத்து ஆணியில் இந்த வருஷத்துத் தோரணம் கட்டமாட்டான், சாமிக்குப் புது ஆணி, புது இடம். மூன்றாம் நாள் தோரணம் வாடியதும் ஆணியைப் பிடுங்கிவிடுவான். வாடியது எதுவும் சாமி தலைக்கு மேலே இருக்கக்கூடாது. ஆணி போய்விடும், ஓட்டை இருக்கும். பாரம் ஏற்றி ஏற்றி லாரியின் பின்பக்கம் தாழ்ந்துபோயிருந்தது. முன்னால் நுழைந்த மழை கித்தானுக்கு அடியிலேயே ஓடிவந்து படுக்கைக்கு மேலே இறங்கியது. எல்லா வண்டிக்காரனும் செய்கிற பூஜைதான். மற்ற வண்டிக்காரன் வண்டிக்குள் குடித்தனம் பண்ணவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஓட்டைகளிலேயே ஒன்று மட்டும் பெரியது, சுண்டு விரல் நுனி போகும். அது எந்த வருஷத்தது என்று அங்கம்மாவுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மதி பிறந்த வருஷம். "புள்ள பொறந்திருக்கு, இந்த வருஷம் குலை தள்ளின வாழையே கட்டணும்" என்று பெரிய ஆணியாகக் கேட்டான். மதியை இடுப்பில் வைத்துக்கொண்டு, டின்னில் துழாவி, அந்த ஆணியைப் பொறுக்கி எடுத்துக் கொடுத்தவள் அவளேதான்.

அவள் கூரைமேல் அப்படியே குப்புறப் படுத்துவிட்டாள். கத்தவேண்டும் போல இருந்தது. கத்தினால் கீழே இருப்பவனுக்குக் கேட்கும். கித்தானைக் கடித்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் கிடந்தாளோ, கீழே இருமல் மறுபடியும் ஆரம்பித்தது. மூச்சு வாங்க முடியாத இருமல். அதுதான் அவளை எழுப்பியது. அழுவதற்கு அப்புறம் நேரம் இருக்கும், இவன் மூச்சுக்கு இல்லை.

"அய்யா முனீஸ்வரா, மன்னிச்சுக்க" என்றாள் சத்தமாக. "உன் தலைமாட்டுல ஏறாம என் புருஷன் படுக்க காயாது. கோவம் வந்தா என்மேல காட்டு. அவரு மேல காட்டாத. ஏற்கெனவே ஒண்ணக் குடுத்தாச்சு." முட்டியை எடுத்து முன்னால் வைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. பலகை மட்டும் கிறீச்சென்றது.

முதலில் பின்பக்கம் வந்து, காய் நறுக்குகிற கத்தியால் கித்தானின் ஓரத்தைக் கீறினாள். தார்க் கலரில் தண்ணீர் குபுகுபுவென்று வெளியே கொட்டியது. இத்தனை தண்ணீரையா தலைக்கு மேலே வைத்துக்கொண்டு படுத்தோம் என்று இருந்தது.

இனி முன்பக்கத்தைக் காயவைக்கவேண்டும். அதற்குத்தான் வழி தெரியாமல் இருந்தது. உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்தவள் கண்ணில் இஸ்திரிப் பெட்டி பட்டது. கசங்கிய சேலையைப் புதுசாக்கி விற்பதற்கு வைத்திருந்த கனத்த பித்தளைப் பெட்டி. லாரிக்கு அடியில் காய்ந்த மண்ணில் அடுப்பு மூட்டி, சிரட்டைக் கரியைக் கனல வைத்துப் பெட்டியில் போட்டாள். தார் டின்னைக் கழுவி, அதே அடுப்பில் குங்கிலியத்தையும் எண்ணெயையும் உருக வைத்தாள். மேலே ஏறி, சாமியின் தலைமாட்டைச் சேலைக்குத் தேய்க்கிற மாதிரி தேய்த்தாள். ஆவி புசுபுசுவென்று முகத்தில் அடித்தது. கித்தான் காய்ந்து, சாயம் கருகுகிற நாற்றம் வந்ததும் பெட்டியை நகர்த்தினாள். கரி அணைந்தால் இறங்கி, மறுபடியும் கனல் போட்டு, மறுபடியும் ஏறினாள். உள்ளங்கை பொரிந்துபோயிற்று.

ஒட்டுப் போடத் துணி வேண்டும். சரக்கைத் தொட்டால் காளியப்பனுக்குப் பொல்லாத கோபம் வரும். தனக்கென்று ஒரு முழம் ரவிக்கைத் துணி எடுக்கவே கேட்டுக்கொண்டுதான் எடுப்பாள். இப்போது கேட்கவில்லை. புதுக் காக்கித் துணியை அலமாரியிலிருந்து உருவிச் சரசரவென்று கிழித்தாள். அவன் கண்ணைத் திறந்து பார்த்தான், மறுபடியும் மூடிக்கொண்டான். திட்டத் தெம்பு இல்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஓட்டை ஓட்டையாகச் சூட்டோடு குழம்பை ஊற்றினாள். பெரிய ஓட்டைக்குத் துணித்திரி திரித்துத் திணித்து ஊற்றினாள். ஊற்றும்போது கொஞ்சம் புறங்கையில் சிந்தியது. அதன்மேல் காக்கித் துணியைப் போட்டு அழுத்தி, துணிமேலும் குழம்பைத் தடவினாள். பின்பக்கம் கீறிய இடத்துக்கும் அதே வைத்தியம். லாரி முழுக்கக் கோயில் மணம் மணத்தது. கடைசியாக இறங்கும்போது கும்பிடத் தோன்றியது, கையில் பிசின் இருந்ததால் விட்டுவிட்டாள்.

ஈர மெத்தையைத் தூக்கி வெளியே எறிந்தாள். கட்டில் பலகையையும் தேய்த்துக் காயவைத்து, அலமாரியிலிருந்து சேலையும் கைலியுமாக அள்ளிக் கனமாகப் பரப்பினாள். அதன்மேல் அவனைப் புரட்டிப் போட்டாள். பூப்போட்ட புதுச் சேலைகளுக்கு நடுவில் ஒரு வாரத் தாடியோடு கிடந்தவனைப் பார்க்கச் சிரிப்பு வந்திருக்கவேண்டும். வரவில்லை.

பொழுது சாயும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. கூரைமேல் கல்லைக் கொட்டுகிற மாதிரி சத்தம். அங்கம்மா சுவரில் சாய்ந்துகொண்டு பலகையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கருப்புத் திட்டிலிருந்து ஒரு சொட்டுத் திரண்டு வந்தது. அவளுக்கு உயிரே போய்விட்டது. அது மிச்சம் நின்ற தண்ணீர். ஒன்று விழுந்தது, அப்புறம் இன்னொன்று, அப்புறம் இல்லை. மழை வலுத்தது. இல்லை. அதற்கப்புறம் எப்போது தூங்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

படகு வர நாலைந்து நாளாயிற்று. அதற்குள் காய்ச்சல் இறங்கத் தொடங்கியிருந்தது. மக் லீஜா தண்ணீரில் நடந்து வந்து கொடுத்த கோழிச்சாற்றைக் குடித்தான், கஞ்சி கேட்டான். நெஞ்சில் காதை வைத்தால் கரகரப்பு இருந்தது, ஆனால் மூச்சு முழுசாகப் போய்வந்தது. படகுக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, தண்ணீர் வடியட்டும், லாரியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொள்ளலாம் என்றார்கள்.

அன்றைக்கும் நல்ல மழை. காளியப்பன் மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நின்னு போச்சே புள்ள."

"ஆமா."

"எங்க இருந்துச்சு ஓட்டை?"

"பின்னாடிதான். தார் வெடிச்சிருந்துச்சு." அவள் கஞ்சியை ஆற்றுவது போலக் குனிந்துகொண்டாள்.

"உன் முட்டி முன்னாடி போனது எனக்குக் கேட்டுச்சு. இந்தப் பலகை எது எங்க சத்தம் போடும்னு எனக்குத் தெரியாதா?"

"ஏறுனேன். சாமி தலைமாட்டுல ஏறித்தான் அடைச்சேன். அடிக்கணும்னா எந்திரிச்சு உக்காந்ததும் அடிங்க, வாங்கிக்கிறேன்."

அவன் அடிக்கிற முகத்தோடு இல்லை. மறுபடியும் கூரையைப் பார்த்தான். பலகையின் ஓட்டத்தோடு அவன் கண் கட்டிலுக்கு மேலிருந்து மெதுவாக முன்பக்கம் போயிற்று. அலமாரியைத் தாண்டி, சாமி படத்துக்குப் பின்பக்கம் போய் நின்றது. லாரிக்காரன் அவன், தண்ணீர் எங்கிருந்து எங்கே ஓடும் என்று காட்டிக்கொடுக்க ஆள் வேண்டாம்.

"ஆணி ஓட்டையா?"

அங்கம்மா கஞ்சியை ஆற்றிக்கொண்டே இருந்தாள்.

"நான் அடிச்ச ஆணிதானே?"

மழைச் சத்தத்தில் அவன் அடுத்துக் கேட்டது காதில் விழவில்லை. குனிந்தாள். இரண்டு வருஷமாக அவன் வாயில் வராத பெயர்.

"மதி இருந்தப்ப ஒழுகினதும் அதுதானா?"

மதி போனது இந்த ஒழுகலாலா என்று ஒரு நாள் அவன் கேட்கவேண்டும் என்று அவள் எத்தனை நாள் ஆசைப்பட்டிருப்பாள்! கேட்டால் ஆமாம் என்று சொல்லவேண்டும், கூடச் சேர்த்து அவன் தாரையும் சரக்கையும் சாமியையும் வைத்து நன்றாக நாலு கேள்வி கேட்கவேண்டும் என்று மனசுக்குள் கட்டி வைத்திருந்தாள். இப்போது அவன் கண் அவள் முகத்தையே பிடித்துக்கொண்டு நின்றது. இன்னும் எழுந்து உட்காரத் தெம்பில்லாத ஆள். ஆமாம் என்றால் இந்த மனுஷன் அப்புறம் எழுந்திருக்கமாட்டான்.

"இல்லீங்க" என்றாள். "அப்ப ஒழுகவே இல்ல. அவளுக்கு வந்தது வெறும் காய்ச்சல்."

மதி கிடந்த அந்த மழையில் எழுந்து எழுந்து பாத்திரம் வைத்தவன் அவன்தான்.

"ஆமா புள்ள" என்றான். "அப்ப ஒழுகல."

சொல்லிவிட்டு அவள் பொரிந்த கையைத் தேடிப் பிடித்துத் தன் நெஞ்சுமேல் வைத்துக்கொண்டான். மதியைப் புதைத்த பிறகு அன்றைக்குத்தான் இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள்.